பள்ளியை விட்டு நிறுத்திய பிறகு உங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்?

கோவை அம்மா:
மகளை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். எல்லோரும் கேட்பது "போலீஸ் வராதா?" என்றுதான். போலீஸ் வரவில்லை, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் வந்தார்கள்.

டிசி வாங்கியதும் பிள்ளையின் பெயர் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேட்டில்) காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்கள் பட்டியலுக்குப் போய்விடும். வேறு பள்ளி எதுவும் அதை எடுக்காவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் வீடு தேடி வருவார்கள். வந்த டீச்சருக்கு ஒரே கவலைதான்: பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டோமோ என்று. நியாயமான கவலை. மகளே நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டி, டீச்சரிடம் பின்னக் கணக்கு ஒன்றில் சந்தேகமும் கேட்டாள். கிளம்பும்போது "இருந்தாலும் சட்டப்படி ஸ்கூல்லதாம்மா சேக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 51ஏ(கே) பிரிவும் கல்வி வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்கிறதே தவிர, பள்ளியில்தான் என்று சொல்லவில்லை. ஆகவே "ஹோம்ஸ்கூலிங் முழுக்கச் சட்டப்பூர்வம்" என்று வாட்ஸ்அப்பில் அடித்துச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள், ஜெயில் என்று மிரட்டும் பெரியப்பாக்களையும் நம்பாதீர்கள்.

மதுரை அப்பா:
எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. எங்களுக்குத் தொல்லை கொடுத்தது போனபைடு சர்டிபிகேட்தான், இந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று பள்ளி தரும் சான்று. மாவட்ட அளவில் ஓட்டப்பந்தயமா, "எந்த ஸ்கூல்?" என்பார்கள். பையன் அந்த வயதில் அதற்காக அழுதிருக்கிறான். ஹோம்ஸ்கூலிங் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

படிப்புச் சான்றிதழுக்கு வழி இருக்கிறது. 12½ வயது முடிந்திருந்தால் தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அந்தப் பதிவு 5 ஆண்டுகள் செல்லும், 9 முறை தேர்வெழுத வாய்ப்பு உண்டு. என் மகன் கணக்கை மட்டும் தள்ளிவைத்து அடுத்த தேர்வில் எழுதினான். டிசி, பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் அம்மா:
இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊரிலிருந்து மாமி ஃபோன் எடுத்து "பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்களோ?" என்று கேட்டார். 2019இல் மகனை ஸ்கூலிலிருந்து எடுத்தபோது நான் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை. 1996 கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுக்கிறது. அது பள்ளியிலும் நடக்கலாம், வேறு வழியிலும் நடக்கலாம். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம், அவர்கள் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சிக்கு) அறிவித்தார்கள். சிறப்புப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் கவுன்சிலின் சம்மதம் வேண்டும்.

அப்புறம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது, என்ன படிப்பிக்கிறீர்கள் என்று. பதில் போடாமல் விடாதீர்கள். அவர்களுக்குத் திருப்தியில்லை என்றால் அதே சட்டத்தின் 437ஆம் பிரிவின்படி பள்ளியில் சேர்க்கச் சொல்லி உத்தரவு போடலாம். மகன் வாசித்த புத்தகங்கள், மியூசியம், நீச்சல், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்று என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஜிசிஎஸ்இ (இங்கே 16 வயதையொட்டி எழுதும் பொதுத்தேர்வு) கட்டணம் மட்டும் எங்கள் கையிலிருந்துதான், தேர்வு எழுதவிடும் இடத்தையும் நாங்களே தேட வேண்டும். ஸ்கொட்லாந்தில் இருக்கிற என் தங்கைக்கு இது பொருந்தாது. அங்கே அரசுப் பள்ளியிலிருந்து எடுக்கப் பொதுவாக உள்ளூராட்சியின் சம்மதம் வேண்டும்.

நெல்லை அம்மா:
எங்களுக்கு ஒத்துவரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மகனுக்குக் கூட்டாளிகள் வேண்டியிருந்தது. திரும்பச் சேர்க்கப் போனபோது ஒரு தனியார் பள்ளியில் நுழைவுத் தேர்வு வைப்போம் என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, ஆனாலும் அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பக்கத்து அரசுப் பள்ளி ஹெச்எம் 4ஆம் பிரிவைச் சொல்லி, வயதுக்கேற்ற வகுப்பில், ஆறாம் வகுப்பில், அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். எமிஸ் நம்பர் கேட்டார், டிசி கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை.