வேகச் சுவரேற்றப் பயிற்சிக்கு வழிகாட்டல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். இங்கே தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், பிடிகள் பொருத்திய செயற்கைச் சுவரில் மிகக் குறைந்த நேரத்தில் உச்சிக்கு ஏறும் ‘ஸ்பீடு கிளைம்பிங்’ எனப்படும் வேகச் சுவரேற்றத்தையே தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறாள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் இதற்கு முதன்முறையாகத் தனிப் பதக்கம் வழங்கப்பட்டது. அதில் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.10 விநாடியிலும், ஆடவர் பிரிவில் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியிலும் இறுதிப் போட்டியை வென்றனர். நம்மைப் போன்ற ஓர் ஆசிய நாட்டவர் வென்றது அவளுக்குப் பெரும் ஊக்கம்.

சுவரின் உயரம் 15 மீட்டர், ஏறுபவரை நோக்கிய முன்சாய்வு 5 டிகிரி. பிடிகளின் அமைப்பு உலகெங்கும் ஒன்றே என்பதால், ஒவ்வோர் அசைவும் உடலில் பதியும்வரை அதே அமைப்பில் பழகுவதே இவ்விளையாட்டின் உயிர்நாடி. தாழ்வான பயிற்சிச் சுவர்கள் அதற்கு ஈடாகா என்றே கருதுகிறேன்.

கோவையிலோ கேரளத்திலோ, இயலாவிட்டால் பெங்களூருவிலோ, இந்த அளவுச் சுவரும் பொறுப்பான பயிற்சியாளரும் எங்கே உள்ளனர்? இவ்விளையாட்டை நம் நாட்டில் நிர்வகிக்கும் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் மண்டலப் போட்டிகளுக்குக் கேரளத்தில் வசிப்பவர்கள் எவ்வாறு பதிவு செய்ய வேண்டும்? வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சிப் பகுதி எளிதில் காயமடையும் என்பதால், பயிற்சியின் அளவை எப்படி வகுப்பது? விளையாட்டு ஒதுக்கீட்டில் இத்துறையினர் வேலை பெற்றிருந்தால், அந்த விவரம் அண்ணனின் தயக்கத்தைத் தீர்க்கும்.

அனுபவமுள்ள பெற்றோரும் வீரர்களும் தயவுசெய்து பதிலளியுங்கள்.