பல் துலக்கும்போது குதிகால் எம்பியவர்கள்

காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்வதாக நான் எடுத்த தீர்மானங்களை எண்ண விரல்கள் போதாது. நான்காம் நாளே அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்துவிடுவேன். இந்த முறை தனியாக நேரமே ஒதுக்கவில்லை. எப்படியும் நடந்தே தீரும் வேலைகளோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். பல் துலக்கும் இரண்டு நிமிடமும் குதிகாலை எம்பி இறக்குவது, கணினி விழித்தெழும் வரை சுவரில் கை ஊன்றித் தண்டால், தொலைபேசியில் பேசும்போது நின்ற இடத்திலேயே நடை. ஒன்பது வாரம் ஓடிவிட்டது. மாடி ஏறினால் முன்போல மூச்சு வாங்குவதில்லை. எடை மட்டும் அசையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள், தோற்றுப்போனவற்றை முக்கியமாக.

*

தோற்ற கதை என்னிடம் இருக்கிறது. வயது 53. ஒரு காணொளியைப் பார்த்து ஒரு வாரம் துள்ளிக் குதித்தேன். வலது முழங்கால் வீங்கிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை, கணக்குச் சொன்னார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குமாம். நடக்கும்போது எடையைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கட்டும் என்றார்.

அவர் கொடுத்தது ஒரே பயிற்சி: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை. இதுவும் ஒரு பயிற்சியா என்று மனதுக்குள் சிரித்தேன். ஆறாவது முறையில் கைகள் தாமாகவே தொடையைப் பிடித்துக்கொண்டன. மறுநாள் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினேன், பத்தும் முடிந்தது. இரண்டு வாரம் கழித்துத் தலையணையை எடுத்துவிட்டேன். எழுவதைவிட உட்காருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்கினால் முன்தொடைத் தசை முழு வேலை செய்கிறது. அது வலுவானால் முழங்காலின் சுமை குறைகிறது. இப்போது இரவுச் செய்தி பார்த்துக்கொண்டே இரண்டு சுற்று செய்கிறேன்.

*

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டு சிறு பிள்ளைகள், அலுவலக வேலை, வீட்டு வேலை. என் நாளே துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. உடற்பயிற்சியையும் துண்டு போடுங்கள் என்றால் எனக்கென்று முழுதாக எது மிஞ்சும்? ஒரு மாதம் முயன்று பார்த்தேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தினால் சின்னவன் வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். (எடைப் பயிற்சி என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமோ?) இப்போது வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், கதவைத் தாழிட்டுவிடுகிறேன். அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் அவர்கள் அப்பாவின் பொறுப்பு. இதற்கு அவரைச் சம்மதிக்க வைத்ததுதான் கடினமான பயிற்சி.

*

இரண்டே விஷயம். காலுறையோடு வழவழப்பான தரையில் செய்யாதீர்கள். சறுக்கி விழுந்தவன் சொல்கிறேன். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் நிற்கும்போது மூச்சை அடக்காதீர்கள். எனக்குத் தலை சுற்றியது அதனால்தான். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

*

ஆரம்பித்தவன்தான் மறுபடி எழுதுகிறேன். கதவைத் தாழிட்ட சகோதரி சொன்னது மனதில் தைத்துவிட்டது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் துணிந்தேன். ஆனால் அதே வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. நேற்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எல்லாத் துண்டுகளும் சேர்ந்து நூறைத் தொடவில்லை. மிதமான உழைப்பு என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பார்கள். என் தொலைபேசி நடையில் நான் தாராளமாகப் பாடலாம்.

எனவே இன்று முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நடந்தேன். எதிர்முனையில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, "பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்களா? அப்புறம் பேசட்டுமா?" என்று கேட்டார்.