சாட்சி சொல்ல வேண்டும், வழி சொல்லுங்கள்

ஸ்தோத்திரம். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில், தேவசெய்திக்கு (பிரசங்கத்துக்கு) முன்னால் 5 நிமிடம் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார் போதகர்.

போன வருடம் டெங்கு வந்து என் மகன் 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிளேட்லெட் ஏறிய அன்று காலையில் கண் விழித்து அவன் முதலில் கேட்டது ரசம் சாதம். தேவன் செய்த அந்த நன்மையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆனால் அதே வாரம், அடுத்த கட்டிலில் இருந்த எங்கள் சபை அக்காவின் மகள் பிழைக்கவில்லை. அந்த அக்காவும் என்னோடு சேர்ந்து முழங்காலில் நின்றவர்தான். வெள்ளிக்கிழமை முன்பாயில் உட்கார்ந்திருப்பார். "என் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார்" என்று நான் சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்?

வேதாகமத்தில், தமஸ்கு வழியில் இயேசு தனக்குத் தரிசனமானதைப் பவுல் எருசலேம் ஜனங்களிடம் ஒரு விதமாகவும் (அப்போஸ்தலர் 22), அகிரிப்பா ராஜாவிடம் வேறு விதமாகவும் (26) சொல்கிறார். அப்படியென்றால் கேட்பவரை மனதில் வைத்துச் சொல்லலாம்தானே?

இப்படி ஒரு நிலையில் சாட்சி சொன்னவர்கள், எப்படி ஆரம்பித்தீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று எழுதுங்கள். அக்காவை முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசட்டுமா? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யாராவது, எந்த வார்த்தை உங்களுக்கு வலித்தது என்று சொன்னால், அதைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுவேன்.