பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தில் நகராட்சி கடைகள் கட்டலாமா?

கேள்வி: பூங்காத் தெரு குடியிருப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டில் உள்ள ஒரு நடுத்தர நகராட்சியில் 31 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருமுனையில் 22 சென்ட் காலியிடம் இருக்கிறது. 1984-இல் நகர் ஊரமைப்புத் துறை அனுமதித்த மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டி 'பூங்கா' என்று எழுதியிருக்கிறார்கள். என் வீட்டு மனையின் கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லுமிடத்தில்கூட 'பூங்காவுக்குத் தெற்கு' என்றே இருக்கிறது. இரண்டு வேப்பமரங்களும் துருப்பிடித்த ஒரு சறுக்குமரமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை என்றாலும், மாலை 5 மணிக்கு மேல் அந்த இடத்தில் பிள்ளைகள் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் நடந்த நகர்மன்றக் கூட்டத்தில், அந்த இடத்தில் கீழ்த்தளத்தில் 14 கடைகளும் மேல்தளத்தில் ஒரு கூடமும் கட்டி வாடகைக்கு விடுவதென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். வருவாயைப் பெருக்குவதற்காக என்று காரணம் சொல்லப்பட்டுள்ளது. நாங்கள் சிலர் அலுவலகத்துக்குச் சென்று கேட்டபோது, "இடம் நகராட்சிக்குச் சொந்தம், மன்றமும் தீர்மானித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று பதில் வந்தது. இடம் உண்மையிலேயே நகராட்சிக்குச் சொந்தமானதா என்பதை நாங்கள் எப்படி அறிவது? சொந்தமே என்றாலும், மன்றம் நினைத்ததையெல்லாம் அங்கே செய்துவிட முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: நகராட்சி வருவாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அம்மா அவர்களுக்கு வணக்கம். 'நகராட்சிக்குச் சொந்தம்' என்று அலுவலகத்தில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் பலவகை நிலங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நகராட்சி தன் நிதியைக் கொடுத்து வாங்கிய இடமும், நில எடுப்புச் சட்டப்படி எடுத்த இடமும் ஒரு வகை. அரசுப் புறம்போக்கை வருவாய்த் துறை குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டுக்கென்று நகராட்சியிடம் ஒப்படைத்திருந்தால் அது இன்னொரு வகை. அதில் நிபந்தனை மீறப்பட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தெருக்களும் வடிகால்களும் நகராட்சியின் பொறுப்பில் இருப்பவை, ஆனால் அவற்றை யாருக்கும் விற்க முடியாது. உங்கள் இடம் நான்காவது வகை: மனைப்பிரிவு போட்டவர் அனுமதி பெறுவதற்காகப் பொதுப் பயன்பாட்டுக்கென்று விட்டுக்கொடுத்த இடம். இப்போதைய விதிகளில் இதை ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கென ஒதுக்கிய நிலம், என்கிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைக் கட்டாயம் ஒதுக்கி, பதிவு செய்யப்பட்ட தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்.

சிக்கல் பழைய மனைப்பிரிவுகளில்தான். வரைபடத்தில் 'பூங்கா' என்று காட்டி அனுமதி வாங்கியவர்கள், சாலைகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பூங்கா இடத்தை எழுதிக் கொடுக்காமலே விட்டிருப்பது உண்டு. அன்றைய அலுவலர்களும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே முதல் வேலையாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகராட்சியிடம் மூன்று நகல்களைக் கேளுங்கள்: மனைப்பிரிவு அனுமதி ஆணையும் வரைபடமும், தானப்பத்திரம், நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்த இடத்துக்குரிய பக்கம். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைத் தனியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றையும் குறிப்பிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1984 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதற்குச் செலவாகும் சிறு தொகையைப் பார்க்காதீர்கள்.

சொத்துப் பதிவேட்டைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கடைசியாகப் பணியாற்றிய நகராட்சியில் அந்தப் பதிவேட்டைத் திறந்தபோது, பேருந்து நிலையத்தின் ஒவ்வொரு கடைக்கும் எண், அளவு, குத்தகைதாரர் பெயர், வைப்புத்தொகை என்று தனித்தனி வரி இருந்தது. தினசரி அங்காடி, ஆடு அறுக்கும் தொட்டி, சைக்கிள் நிறுத்துமிடம், சாலையோரப் புளியமரங்களின் மகசூல் வரை ஆண்டுக் குத்தகை இனங்கள் எல்லாம் துல்லியமாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அத்தனை மனைப்பிரிவுகளின் பூங்காக்களும் கடைசியில் 'இதர இனங்கள்' என்ற ஒரே பக்கத்தில், அளவை எண்கூட இல்லாமல் அடங்கிக் கிடந்தன. வருமானம் தராத சொத்து ஏட்டிலிருந்து நழுவுகிறது. ஏட்டில் இல்லாத இடம் பிறகு தரையிலும் நழுவிவிடுகிறது. பணியில் இருந்தபோதே அதைச் சரிசெய்ய நான் இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

பதில்: உள்ளாட்சி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

மேலே எழுதியவர் 'யாருடைய இடம்' என்பதைத் தெளிவாக்கிவிட்டார். 'மன்றம் நினைத்ததைச் செய்யலாமா' என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

நகர்மன்றத்தின் அதிகாரம் சட்டம் கொடுத்த அளவுக்குத்தான். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்து, 12-ஆவது அட்டவணையில் 18 பணிகளைக் குறிப்பிட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத்திடல் ஆகிய வசதிகளை ஏற்படுத்துவது அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் வழங்கினால்தான் நகராட்சிக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் நீண்ட காலம் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இருந்தது. இப்போது 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில் அதற்கான விதிகளுடன் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அசையாச் சொத்தை விற்பதற்கும் நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதற்கும் மன்றத்தின் தீர்மானம் மட்டும் போதாது, அரசின் ஒப்புதலும் வேண்டும். மன்றம் தன் அதிகாரத்தை மீறிச் செய்த தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

சட்டத்தில் 'நகராட்சியின்பால் உற்றமைகிறது' (ஆங்கிலத்தில் 'vest') என்று ஒரு சொல் வரும். அதை முழு உடைமை என்று பொருள்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மதுரை நகராட்சியை எதிர்த்து சுந்தரம் ஐயர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை விளக்கியது. தெரு நகராட்சியின்பால் உற்றமைகிறது என்றால், அதைத் தெருவாகப் பேணவும் ஆளவும் வேண்டிய உரிமை மட்டுமே கிடைக்கிறது, அடிமண்ணின் உடைமை கிடைப்பதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றும் நீதிமன்றங்களில் அந்த வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது. பின்னாளில் உச்ச நீதிமன்றமும், அந்தச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது, எந்த நோக்கத்துக்காக உற்றமைகிறது என்பதைப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும் என்றது.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருவது லக்னோ வழக்கு. அந்நகரின் அமீனாபாத் பகுதியில் நெரிசல் மிகுந்த கடைத்தெருவின் நடுவே ஜண்டேவாலா பூங்கா என்ற பழைய பூங்கா உண்டு. 1993-இல் அங்குள்ள மாநகராட்சி, ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே, அந்தப் பூங்காவின் அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்டும் உரிமையைத் தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்குள் பெருமளவு கட்டுமானம் எழும்பிவிட்டது. இவ்வளவு செலவாகிவிட்டதே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மாநகராட்சி அந்தப் பூங்காவுக்கு அறங்காவலர் நிலையில் இருக்கிறது, அந்தப் பொறுப்பை அது கைவிட்டுவிட்டது என்று கூறி, கட்டியதை அகற்றிப் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு 1999 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு 1991-இல் பெங்களூரு வழக்கில், பூங்காவுக்கென்று திட்டத்தில் காட்டிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதும் இதே போன்று செல்லாது என்று ஆயிற்று. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பகுதியின் குடியிருப்பாளர்கள். அவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. ஆகவே "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று உங்களிடம் சொன்னது சட்டப்படி சரியன்று.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். கட்டடம் எழும்பிய பிறகு வழக்குக்குப் போவதும் அடிக்கல் நடுவதற்கு முன்பு போவதும் ஒன்றல்ல. லக்னோவில் கட்டடம் எழும்பிய பிறகும் தீர்ப்புக் கிடைத்ததே என்று காத்திருக்க வேண்டாம்.

பதில்: முன்னாள் நகர்மன்ற உறுப்பினர்

அம்மா, மன்றத்தில் அமர்ந்தவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மின்கட்டணம், துப்புரவுப் பணியாளர் ஊதியம், குடிநீர்க் குழாய் உடைப்பு என்று மாதந்தோறும் பணம் கேட்கும் செலவுகள் வரிசையாக நிற்கும். சொத்து வரியை உயர்த்தினால் வாக்காளர் கோபிப்பார். கடை வாடகைதான் யாருடைய மனமும் நோகாமல் வரும் வருமானம் என்று தோன்றும். அந்த நெருக்கடியில் காலியிடம் எங்கே என்றுதான் கண் தேடுமே தவிர, அது எதற்காகக் காலியாக விடப்பட்டது என்று கேட்கத் தோன்றாது. கெட்ட எண்ணம் இல்லாமலும் இப்படிப்பட்ட தீர்மானங்கள் வருகின்றன என்பதற்காகச் சொல்கிறேன், அதைச் சரியென்று சொல்லவில்லை.

ஆனால் புதிய கடை கட்டுவதற்கு முன், இருக்கும் கடைகளின் கணக்கை மன்றத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பல ஊர்களில் நகராட்சிக் கடையை ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், உள்ளே வியாபாரம் செய்பவர் வேறொருவர். உள்வாடகையாகக் கைமாறும் தொகை, நகராட்சிக்கு வரும் வாடகையைப் போல் பன்மடங்கு இருக்கும். என் வார்டில் ஒரு தையற்கடைக்காரரிடம் ரசீதைக் காட்டச் சொன்னேன். நகராட்சி ரசீதில் இருந்த பெயர் அவருடையதன்று. ஏலம் எடுத்தவர் வெளியூருக்கே குடிபோய்விட்டிருந்தார், வாடகையை வாங்க மட்டும் மாதம் ஒருமுறை வந்துபோனார். அந்த ஓட்டையை அடைத்தாலே, 14 கடைகளிலிருந்து வரக்கூடியதில் பெரும்பகுதி எந்தப் பூங்காவையும் தொடாமல் கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

தீர்மானம் நிறைவேறியதும் வேலை தொடங்கிவிடாது. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக ஒப்புதல், பூங்காப் பயன்பாட்டை வணிகப் பயன்பாடாக மாற்றுவதற்கான நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி என்று பல படிகள் உள்ளன. உங்கள் மறுப்பை ஆணையாளருக்கு மட்டும் கொடுக்காமல் மாவட்ட ஆட்சியருக்கும், நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் வார்டு உறுப்பினரைச் சந்தித்து, அடுத்த கூட்டத்தில் அவருடைய எதிர்ப்பை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக எதிர்த்தது பின்னாளில் எந்தக் கோப்பிலும் இருக்காது. 2022 முதல் பகுதி சபைகளுக்கும், அதாவது வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டங்களுக்கும், விதிகள் உள்ளன. உங்கள் பகுதிச் சபை கூடினால் அங்கேயும் இதை எழுத்தில் கொடுத்துப் பதிய வையுங்கள்.

இன்னொன்று: 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நகராட்சிகளில் மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினார்கள். அந்தக் காலத்தில் உங்கள் இடம் பற்றி ஏதேனும் உத்தரவு பிறந்திருக்கிறதா என்றும் தகவல் மனுவில் கேளுங்கள்.

மறுமொழி: பூங்காத் தெரு குடியிருப்பாளர்

பதிலளித்த மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நகல்கள் வந்துவிட்டன. 1985-இல் பதிவான தானப்பத்திரம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் சொத்து விவரத்தில் நான்கு சாலைகள் மட்டுமே உள்ளன, பூங்கா இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே மனைப்பிரிவு போட்டவரின் பெயரே இன்னமும் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். வில்லங்கச் சான்றில் இதுவரை விற்பனை எதுவும் இல்லை. அப்படியானால் இடம் நகராட்சிக்கும் சொந்தமில்லை, எங்களுக்கும் பயனில்லை என்று ஆகிவிடுமா? வாரிசுகள் நாளை விற்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இப்போது புதிதாக வந்திருக்கிறது.

பதில்: உள்ளாட்சி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

அச்சம் வேண்டாம், ஆனால் தாமதமும் வேண்டாம். தில்லி மாநகராட்சிக்கும் பண்டித் சேத்ராம் வசிஷ்டுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குப் பொருந்தும். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய பிறகு, உரிமையாளரின் நிலை பொதுமக்களுக்காக அதை வைத்திருக்கும் அறங்காவலரின் நிலை போன்றது. அவர் அதை மனையாக்கி விற்க முடியாது. நகராட்சிக்கு அதை அந்த நோக்கத்துக்காக நிர்வகிக்கும் உரிமை உண்டு, ஆனால் அந்த ஒதுக்கீட்டினால் மட்டும் உடைமை வந்துவிடாது. அதாவது தன் பெயரில் இல்லாத, வேறு நோக்கத்துக்கு மாற்ற முடியாத இடத்தில் கடை கட்ட உங்கள் மன்றம் தீர்மானித்திருக்கிறது. மறுப்பு மனுவில் முதல் பத்தியாக இதையே வையுங்கள்.

அத்துடன், 1984-ஆம் ஆண்டின் அனுமதி ஆணை எண்ணையும் வரைபட நகலையும் இணைத்துச் சார்பதிவாளருக்கு ஒரு மனுக் கொடுங்கள். அந்த அளவை எண்ணில் எந்த ஆவணமும் பதிவுக்கு வந்தால் இந்த ஒதுக்கீட்டைக் கருத்தில் கொள்ளுமாறு கேளுங்கள். வாரிசுகளை நேரில் பார்த்துப் பேசவும் தயங்காதீர்கள். தந்தை விட்டுப்போன கடமையை முடித்துக் கொடுக்க மனமுள்ளவர்களாக இருந்தால், பூங்காவுக்கு மட்டும் என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதி அவர்களே தானப்பத்திரத்தைப் பதிந்து கொடுத்துவிடலாம். உங்கள் கிரையப் பத்திரத்தின் நான்கெல்லைப் பக்கத்தைச் சான்றிட்ட நகலாக எடுத்து வையுங்கள். அதே தெருவில் மனை வாங்கிய மற்றவர்களின் பத்திரங்களிலும் 'பூங்கா' என்ற சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று இந்த வாரமே திரட்டத் தொடங்குங்கள்.