கருவிழித் தழும்பைப் ‘பூ’ என்றே எழுதலாமா?

அண்ணாச்சி, வணக்கம்.

கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கருவிழியில் (cornea) பாக்டீரியாவால் வரும் புண்ணுக்கான கலைச்சொல் பட்டியலில் ‘குணமடைதல்’ என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். சாயம் விட்டு நீல ஒளியில் பார்க்கும்போது புண் பச்சை பிடிக்காவிட்டால், மேல்தோல் மூடிவிட்டது. அது ‘புண் ஆறல்’. பார்வைப் பலகையில் எந்த வரி வரை படிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியது என்பது ‘பார்வை மீட்சி’. பெரும்பாலும் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 500 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான, இந்தப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு உதவுமா என்று பார்த்த ஆய்வு, மூன்றாம் மாதப் பார்வையை முதன்மையாக வைத்து, மேல்தோல் மூடிய காலத்தைத் தனியே அளந்தது.

ஒரே சொல்லால் இருபுறமும் தப்பு நடக்கிறது. பிசானப் பருவ நெல் அறுவடையில் நெற்கதிர் கண்ணில் குத்தி, புண்ணாகி வருகிறவருக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 0.5 சதவீதச் சொட்டை முதல் 48 மணி நேரம், இரவிலும், மணிக்கொரு தடவை விடச் சொல்கிறோம். மூன்றாம் நாள் சிவப்பும் வலியும் குறைந்ததும் ‘சரியாயிட்டு’ என்று நிறுத்திவிடுகிறார். சீழ் மறுபடி கட்டுகிறது. இன்னொருவருக்குப் புண் முழுக்க ஆறியிருக்கும். ஆனாலும் ‘பூ போகலையே’ என்று அதே சொட்டை மாதக்கணக்கில் விடுகிறார். மிச்சமிருப்பது தழும்பு, ஆன்டிபயாடிக் அதைக் கரைக்காது.

ஊரே ‘கண்ணுல பூ விழுந்துட்டு’ என்றுதான் சொல்கிறது. அதையே கலைச்சொல்லாக்கலாம். தழும்புக்குப் பின்னால் இருக்கும் கதிராளியின் (iris, பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம்) நுணுக்கம் தெரிந்தால் ‘மூட்டப்பூ’, அரைகுறையாகத் தெரிந்தால் ‘திட்டுப்பூ’, அறவே மறைந்தால் ‘வெண்பூ’. புண் ஓட்டை விழுந்து கதிராளி அதில் ஒட்டிக்கொண்டால் ‘ஒட்டு வெண்பூ’.

---

தம்பி,

புண் ஆறல், பார்வை மீட்சி இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். ‘பூ’வில் இரண்டு இடறல் உண்டு. கண்புரையையும் பூ என்பவர்கள் இருக்கிறார்கள். லென்ஸ் வைத்தால் போய்விடும் என்று நம்பி வருவார்கள். அடுத்தது இதைவிடப் பெரிது. நம் பக்கம் பூஞ்சைப் புண்ணும் பாக்டீரியாப் புண்ணுக்கு இணையாக வருகிறது. குறிப்புச்சீட்டில் ‘பூ. புண்’ என்று சுருக்கி எழுதினால் அடுத்தவர் எதை எடுத்துக்கொள்வார்? தழும்பென்று நினைத்து ஸ்டீராய்டு எழுதி, உள்ளே பூஞ்சை இருந்துவிட்டால் கண்ணே போகும்.

ஆகவே ‘கருவிழிப்பூ’ என்று முழுதாக எழுதுவோம், சுருக்கக் கூடாது. தரப்பெயர்கள் நான்கும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை அடர்த்தியை மட்டும் சொல்கின்றன. இடத்தையும் சேர்க்க வேண்டும். நடுவில் விழுந்த மூட்டப்பூ, ஓரத்து வெண்பூவைவிடப் பார்வையைக் கெடுக்கும், கருவிழியின் வளைவு கோணலாகிவிடுவதால். அதற்குக் கடின கான்டாக்ட் லென்ஸ் போட்டாலே பல வரி கூடுதலாகப் படிப்பவர்கள் உண்டு. நடுவில் வெண்பூ என்றால் கருவிழி மாற்று அறுவைதான். ‘நடு மூட்டப்பூ’, ‘ஓர வெண்பூ’ என்று பட்டியலில் திருத்திப் போட்டுவிடு.