காலையில் ஊற்றிய கொங்கிரீட், மதியத்தில் வெடிப்பு

கேள்வி: சுங்கை சிப்புட் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடி, 4 அங்குலத் தளம். ஊற்றிய அன்றே மயிரிழை வெடிப்பு. காய்ந்தால்தானே இறுகும் அண்ணே?

பதில்: காய்வதால் இறுகாது தம்பி, சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்துதான் பலம் வரும். கீழிருந்து ஊறும் நீரைவிட வேகமாக வெயிலும் காற்றும் மேல்நீரை இழுத்தால், இளகிய மேல்தோல் சுருங்கிக் கிழியும். தேய்த்து முடித்த கையோடு பிளாஸ்டிக் மூடுங்கள். இறுகியபின் 7 நாள் ஈரச்சாக்கு.

பதில்: கலவை இளகட்டும் என்று தண்ணீர் கூட்டினால் பலம் குறையும், பின்னாளில் சுருக்கமும் கூடும். அந்தச் சுருக்க வெடிப்பு கண்டபடி ஓடாமல் ஒரே கோட்டில் அடங்க, 20 அடி நீளத்தை நடுவில் குறுக்கே 1 அங்குல ஆழம் வெட்டணும், மறுநாள் காலைக்குள்.

பதில்: ஒரேபோல ஈரத்தில் வைத்து இறுகிய கட்டிகளில், சோதனைக்கு முன் காயவிட்டது ஈரக்கட்டியைவிடக் கூடுதல் பலம் காட்டும். அதை நம்பி ஈரமாக வைப்பதை நிறுத்தாதீங்க.