உதவி: வாலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சுட்டாலும் ஒன்றும் படவில்லை

நீலவான்:
அவசரம் நண்பர்களே. மூன்று வாரமாக ஆன்லைன் போர்விமான கேமில் ஒருத்தனைக் கூட வீழ்த்த முடியவில்லை. பின்னால் போய்விடுகிறேன், குறி வட்டத்துக்கு நடுவில் அவன் இருக்கிறான், சுட்டால் எல்லாம் தவறிப் போகிறது. ராத்திரி 9 மணிக்குக் குழுப் போட்டி. என்ன தப்பு செய்கிறேன்?

வால்காற்று:
எந்த கேம்? எந்த விமானம்? எத்தனை மீட்டரில் சுடுகிறீர்கள்?

இரவுக்காவல்:
எனக்குத் தெரிந்து இது பிங் பிரச்சினை, அதாவது இணையத் தாமதம். வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போடுங்கள். எனக்கு அதோடு சரியானது.

தனிப்பருந்து:
தம்பி, மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். முதலில் கணக்கு கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 139 மீட்டர். குண்டு 300 மீட்டர் போக ஏறக்குறைய 0.4 நொடி. குறுக்கே பறப்பவன் அதற்குள் 55 மீட்டர் நகர்ந்திருப்பான். ஜெர்மன் போர்விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் நீளமே 9 மீட்டர்தான். அவனைக் குறிவைத்தால் எப்படிப் படும்? ஆறு விமான நீளம் முன்னால் சுட வேண்டும்.

நீலவான்:
ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ். விமானம் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் 9. பிங் 60 மில்லிநொடிதான். தூரம் 250, 300 இருக்கும். அண்ணா, அவன் குறுக்கே போகவில்லை, நேராகத்தான் பறக்கிறான்.

இறக்கைநுனி:
அப்படியானால் கன்வெர்ஜென்ஸைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயருக்குத் துப்பாக்கிகள் இறக்கையில். இரண்டு பக்கத்துக் குண்டுகளும் ஒரே புள்ளியில் சேரும் தூரத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும். 1940-இல் பிரிட்டன் வான்சண்டையின்போதே பைலட்கள் 400 கெஜத்தை 250-ஆகக் குறைத்துக்கொண்டார்கள். 109-இன் பிந்தைய வகைகளில் பீரங்கி மூக்கு வழியாகச் சுடும், இந்தத் தொல்லையே இல்லை.

தனிப்பருந்து:
கிட்டே போய்ச் சுட்டால் எந்த கன்வெர்ஜென்ஸும் வேண்டாம். ஜெர்மன் பைலட் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தியது கண்ணாடி முழுக்க எதிரி நிறையும் வரை காத்திருந்துதான்.

இறக்கைநுனி:
கனடா பைலட் பியூர்லிங்கை மறந்துவிட்டீர்களா? 1942-இல் மால்டாவில் இதே இறக்கைத் துப்பாக்கிகளை வைத்து, பக்கவாட்டுக் கோணத்தில் முன்கூட்டிச் சுட்டு வீழ்த்தியவர். கிட்டே போவது பொறுமை. குறி என்பது பியூர்லிங் செய்ததுதான்.

தனிப்பருந்து:
பொறுமையும் திறமைதான். கோணத்தில் சுட ஆசைப்பட்டுத்தான் புதியவர்கள் குண்டை வீணடிக்கிறார்கள். ஸ்பிட்ஃபயரில் பீரங்கிக்கு 120 குண்டு, 12 நொடியில் தீர்ந்துவிடும்.

வால்காற்று:
இரண்டு பேரும் கொஞ்சம் இருங்கள். நீலவான், எந்தப் பக்கம் தவறுகிறது? சுடுவதற்கு முன் என்ன செய்கிறீர்கள்?

நீலவான்:
இடது பக்கம். எப்போதும் இடதுதான். உயரத்துக்கு ஏறி, டைவ் அடித்து அவன் பின்னால் வருகிறேன்.

வால்காற்று:
ரடர் ட்ரிம்மை, அதாவது வால் சுக்கானை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கும் அமைப்பை, தொடுகிறீர்களா?

நீலவான்:
ஏறும்போது வலப்பக்கம் வைப்பேன், மூக்கு இடதுபக்கம் இழுக்கிறது இல்லையா. அப்புறம் தொடுவதில்லை.

வால்காற்று:
அங்கேதான் சிக்கல். ஏறும்போது தேவைப்பட்ட அந்த ட்ரிம், டைவில் வேகம் கூடினதும் மூக்கை வலப்பக்கம் தள்ளும். மூக்கு காட்டுவது ஒரு திசை, விமானம் போவது கொஞ்சம் இடதாக. அந்தப் பக்கவாட்டு வேகம் குண்டோடும் போகும். 540 கி.மீ.யில் 2 டிகிரி சறுக்கினால் 300 மீட்டரில் கிட்டத்தட்ட 2 மீட்டர் தள்ளிப் போய்விடும். அவன் உடம்பைத் தாண்டிவிடும். டைவில் ட்ரிம்மைத் திருப்புங்கள், இல்லை இடது ரடரைக் கொஞ்சம் மிதியுங்கள்.

இரவுக்காவல்:
பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் டயலில் பந்து நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வால்காற்று:
ஸ்பிட்ஃபயரில் பந்து கிடையாது. அந்த டயலில் இரண்டு முள் இருக்கும். மேல் முள் நடுவில் நின்ற பிறகு சுடுங்கள்.

இறக்கைநுனி:
சரியான காரணம், எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் கன்வெர்ஜென்ஸ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

நீலவான்:
மேல் முள்ளைப் பார்த்துச் சுட்டேன். இடது இறக்கை வேரிலேயே பட்டது, புகை விட்டுக்கொண்டு போய் விழுந்தான்! ரொம்ப நன்றி வால்காற்று. போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

இறக்கைநுனி:
கன்வெர்ஜென்ஸ்?